தாத்தாவின் ரைபிளைப் பட்டறைக்கு எடுத்துப் போகுமுன்

மைசூரில் ஆயுத பூஜையன்று அரண்மனையில் பட்டத்துக் கத்திக்குப் பூச்சூட்டுகிறார்கள். தெருவில் ஸ்கூட்டருக்கும் தையல் மெஷினுக்கும் குங்குமம் வைக்கிறார்கள். சில பழைய வீடுகளில் மட்டும் அன்றைக்குப் பரணிலிருந்து இன்னொன்றும் இறங்கும்: எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு துப்பாக்கி. காபித் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா என்றோ வாங்கியது. அவருக்கு லைசென்ஸ் இருந்தது. அப்பா தன் பெயருக்கு மாற்றிப் புதுப்பித்து வந்தார். அப்பா போன பிறகு அந்தச் சின்னப் புத்தகத்தை யாரும் தேடவில்லை. பேரன் துணியைப் பிரித்து, துருவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இதைக் கொஞ்சம் சரிபண்ணி வெச்சுக்கலாமே" என்கிறான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை சட்டப் பிரிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அப்படி இறங்கும் துப்பாக்கிகளில் லீவர் ஆக்ஷன் ரைபிளுக்குத் தனி மவுசு. விசையைச் சுற்றியிருக்கும் வளையமே கைப்பிடியாக நீண்டிருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கௌபாய் படங்களில் பார்த்த அதே துப்பாக்கிதான். இந்தப் பக்கத்துக் காடுகளுக்கும் அது அந்நியமல்ல. பெங்களூரில் வாழ்ந்து, மைசூர், சேலம் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிப்போய்ச் சுட்டு, பிறகு அவற்றைப் புத்தகங்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல், 405 போர் (குழலின் உள்விட்ட அளவு) லீவர் ரைபிள். அவரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துப்பாக்கியின் மேல் ஒரு ஏக்கம் இருக்கும். எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டர்சன் இறந்தது 1974-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வேட்டைத் துப்பாக்கி என்று நாம் சொல்லும் பொருள் இன்று வேட்டைக்கு உதவாத பொருள். அது சட்டத்தின் கண்ணில் ஒரு எண், ஒரு போர் அளவு, ஒரு உரிமையாளர் பெயர், அவ்வளவுதான்.

கையில் இருக்கும் துப்பாக்கியும் அதை வைத்திருப்பவரும் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய அந்த மூன்றோடும் பொருந்த வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்வது என்ற பெயரில் நடக்கும் வேலைகளில் பாதி, துப்பாக்கியைப் புத்தகத்திலிருந்து பிரித்துவிடும் வேலைகள்.

பேரன் நேரே ஒரு லேத் பட்டறைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் நல்லவர், கை சுத்தம். குழலின் வாய்ப்பக்கம் அரித்திருப்பதைப் பார்த்து, "ஒரு இஞ்ச் வெட்டிட்டா சுத்தமாயிடும் சார்" என்கிறார். இரும்புக் குழாயாக இருந்தால் அது சரியான யோசனை. துப்பாக்கிக் குழல் என்பதால் அது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. குழலைக் குட்டையாக்க அதற்கென்று தனி உரிமம் வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எத்தனை அங்குலம் என்று அது கணக்கு வைக்கவில்லை. ஒரு ரகத் துப்பாக்கியை வேறு ரகமாக மாற்றுவதையும் 2019 திருத்தம் அதே பிரிவில் சேர்த்துவிட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 5-ஆம் பிரிவின்படி குற்றம். இந்தக் குற்றங்களுக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பட்டறைக்காரரும் சிக்குவார், கொண்டுபோய்க் கொடுத்தவரும் சிக்குவார். ஐந்நூறு ரூபாய்க் கூலிக்கு நல்லெண்ணத்தோடு செய்த வேலை என்பது அங்கே எடுபடாது.

அடுத்து மெருகு. பழைய துப்பாக்கியின் கருநீல மெருகு போய்விட்டால் எல்லோருக்கும் வரும் ஆசை, பஃப் போட்டுத் தேய்த்து மறுபடி நீலம் ஏற்றுவது. லீவர் ரைபிள்களில் வரிசை எண் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் மெல்லியதாக வெட்டியிருக்கும். தயாரித்த கம்பெனியின் பெயர், விற்ற கடையின் பெயர் எல்லாம் குழலின் மேல் இருக்கும். பஃப் சக்கரத்துக்கு எழுத்தும் துருவும் ஒன்றுதான். 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ வேறு அடையாளக் குறியையோ அழிக்கக் கூடாது என்கிறது. அதைவிடக் கடுமையானது அதே பிரிவின் இன்னொரு வரி. குறி அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். பழைய துப்பாக்கியை விலைக்கு வாங்குகிறவர்களும் இங்கேதான் கவனிக்க வேண்டும். பளபளவென்று புத்தம் புதுசு போலிருக்கும் அறுபது வருடத்துத் துப்பாக்கியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மூன்றாவது சிக்கல் தோட்டா. 405 போலப் பழைய அமெரிக்க அளவுத் தோட்டாக்கள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் தயாராவதில்லை. இங்கே கிடைப்பது 315, 12 போர், 22 போல ஒருசில அளவுகள்தான். உடனே யாராவது சொல்வார்கள்: "குழலை மாத்தி 315 போட்டுக்கலாம்." இது சட்டப்படி உருமாற்றம், அதாவது மேலே சொன்ன அதே 7 ஆண்டு. பொறியியல்படி அதைவிட மோசம். தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவதற்கு அந்த இயக்கப் பகுதி வடிவமைக்கப்பட்டதல்ல என்றால், பின்பக்கம் திறந்துகொண்டு முகத்தில் வெடிக்கும். பின்பக்கத்தை அடைக்கும் பூட்டுப் பகுதிக்கும் தோட்டாவின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக்குகள் அளவுகோல் வைத்து அளப்பார்கள். ஐம்பது ஆண்டு தேய்மானத்தில் அது கூடியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அளக்காமல் ஒரு குண்டுகூடச் சுடக் கூடாது.

லீவர் ரைபிளுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரியாமல் செய்தால் கை போய்விடும் என்பதால் சொல்கிறேன். வின்செஸ்டர் 1894 போன்ற மாடல்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருப்பதன் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த அடியில்தான் வெடிக்கத் தூண்டும் மருந்து இருக்கிறது. மூக்கு கூராக இருந்தால் துப்பாக்கி உதைக்கும்போது அது ஆணியைப் போலக் குத்தி, உள்ளேயே வெடித்துவிடும். அதனால்தான் அந்த ரைபிள்களுக்குத் தட்டை மூக்குத் தோட்டா. ஆண்டர்சன் வைத்திருந்த 1895 மாடலில் தோட்டாக்கள் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் லீவர்தானே என்று ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்யக் கூடாது.

விசையை மென்மையாக்கித் தரச் சொல்வது இன்னொரு பழக்கம். பெரும்பாலான பழைய லீவர் ரைபிள்களில் தனியாகப் பாதுகாப்புப் பட்டன் கிடையாது. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தும் ஒரு சின்ன வெட்டுதான் காவல். விசையை மிருதுவாக்குகிறேன் என்று அந்த வெட்டை அரத்தால் தேய்த்துவிட்டால், கீழே விழுந்த துப்பாக்கி தானே சுடும்.

அப்படியானால் எதுதான் செய்யலாம்? விரிசல் விட்ட மரப்பிடியைச் சரிசெய்யலாம், தோளில் படும் இடத்தில் ரப்பர் அட்டை போடலாம், தோல்வார் கட்டலாம், குறிபார்க்கும் இரும்பை மாற்றலாம். துப்பாக்கிப் பழுதுபார்ப்புக்கு உரிமம் உள்ளவரிடம் மட்டும். கடையில் மாட்டியிருக்கும் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கியைக் கொடுக்கும்போது எண்ணைக் குறித்து ரசீது வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்த ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: 1894 மாடல் காலிக் கூட்டை மேல்புறமாகத் தெறிக்கவிடும். மேலே கண்ணாடியைப் பொருத்தினால் கூடு அதில் மோதித் திரும்பும். அதற்காக உடம்பில் துளை போட்டால், சேகரிப்பவர்கள் மதிக்கும் ஒரு துப்பாக்கியின் விலையும் அந்தத் துளையோடு போகும்.

இணையத்தில் உதிரிபாகம் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல. அதன் பாகங்களும் துப்பாக்கிதான். சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் சைலன்சரும் சட்டத்தின் வரையறைப்படி ஒரு துப்பாக்கிதான். வெளிநாட்டிலிருந்து கூரியரில் ஒரு குழல் வரவழைப்பது, துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குச் சமம்.

இனி வாரிசு விஷயம். பரணில் துப்பாக்கி இருப்பதே தெரியாதவரை நீங்கள் குற்றவாளி அல்ல. அறிந்து வைத்திருப்பதுதான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் துணியைப் பிரித்த நொடியிலிருந்து உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு 21-ஆம் பிரிவு பேசும்: லைசென்ஸ் இல்லாதவர் வீண் தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. விதிகள் தரும் காலத்துக்குள் லைசென்ஸ் பெற்று அதைத் திரும்ப வாங்கலாம். அல்லது விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தைத் தவறவிட்டால்தான் அரசு எடுத்துக்கொள்ளும். ஒப்படைக்காமல் வைத்திருந்து மாட்டினால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு சிறை.

"ரொம்பப் பழசு, சுடாது, இதுக்கெதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்களுக்கு 45-ஆம் பிரிவைப் படித்துக்காட்ட வேண்டும். பழங்காலத்து ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கியே.

தாத்தாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்வதுதான் எளிது. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்காரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அதிலிருந்து தான் விரும்பும் சட்டப்படியான வாரிசுக்குக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். இறந்த பிறகும் வாரிசு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள் என்பதால் அண்ணன் தம்பிக்குள் முதலில் பேசி முடித்துவிடுங்கள். விண்ணப்பம் போட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது, வாரிசு வழியில் வந்தாலும்.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதில் மைசூர்க்காரர்களுக்கே குழப்பம். நகர எல்லைக்குள் குடியிருந்தால் போலீஸ் கமிஷனர். ஹுன்சூர், பெரியபட்டணம், ஹெச்.டி. கோட்டை போன்ற தாலுக்காக்களில் என்றால் மாவட்டத்தின் டெபுடி கமிஷனர், நாம் கலெக்டர் என்போமே அவர். இந்தத் தாலுக்காக்காரர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு, அது அதிகம் பேருக்குத் தெரியாது. வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசித்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் தன் பெயரைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிய வேண்டும் என்கிறது. அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் தருவதற்கும் அவருடைய முன் ஒப்புதல் வேண்டும். நாகரஹொளே தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்தைச் சுற்றியிருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்து வீடுகளுக்கும் பொருந்தும். பறவைச் சரணாலயம்தானே என்று விட்டுவிடக் கூடாது.

காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ராகியும் சோளமும் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் வந்து உழுதுவிட்டுப் போனால், பரணில் இருக்கும் ரைபிள் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும். ஆனால் அனுமதி இல்லாமல் ஒரு காட்டுப் பன்றியைச் சுட்டாலும் அது வேட்டைதான். தண்டனையோடு துப்பாக்கியும் போகும். குற்றம் உறுதியானால் லைசென்ஸை ரத்து செய்து, ஐந்து ஆண்டு புது லைசென்ஸ் கிடைக்காதபடி செய்யும் அதிகாரமும் வனவிலங்குச் சட்டத்தில் நீதிமன்றத்துக்கு உண்டு. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்பதுதான் வழி. சேதமான மறுநாளே படம் எடுத்து, நிலப் பத்திரத்தோடு ரேஞ்ச் ஆபீசில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பணம் பல நேரம் பட்ட நஷ்டத்துக்கு ஈடாகாது என்ற குறை நியாயமானது. அதற்காகப் போராட வேண்டிய இடம் வேறு.

குடகுக்காரர்களின் விலக்கைப் பற்றி மைசூரில் நிறையத் தவறான பேச்சு உலவுகிறது. 1861-இலிருந்து வரும் வழக்கப்படி, குடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்ற விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019-இல் அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. கைல்போள்து பண்டிகையன்று அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உறவின் ஆழம் தெரியும். ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும்தான். குழலை வெட்டவோ, எண்ணை அழிக்கவோ, போரை மாற்றவோ அது உரிமை தரவில்லை. குடகு நண்பரிடமிருந்து அவருடைய துப்பாக்கியை நீங்கள் வாங்கிக்கொள்ளவும் அது உதவாது. உங்களுக்கு உங்கள் லைசென்ஸ் வேண்டும்.

கைமாறுவதற்கும் முறை இருக்கிறது. விற்பவர் தன் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் எழுத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வாங்குபவரின் லைசென்ஸில் அந்த ரகமும் போரும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். "இப்ப எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம்" என்று சொல்லும் விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

லைசென்ஸ் மறுத்தால் என்ன செய்வது? மறுப்புக்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும். பொதுநலன் கருதித் தர மறுக்க மட்டும் விதிவிலக்கு உண்டு. எனவே வாய்மொழியாக "ஆகாது" என்பதை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு இருப்பதால் ஆணை கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். போலீஸ் அறிக்கை வரவில்லை என்று மாதக் கணக்கில் இழுத்தடித்தால், குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டாலும் அதற்குக் காத்திராமல் அதிகாரி முடிவெடுக்கலாம் என்று 13-ஆம் பிரிவே சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். ஒப்படைக்கத் தாமதமாகி வழக்கே வந்துவிட்டாலும், 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் வழக்கை நடத்த முடியாது என்பதை உங்கள் வக்கீல் முதலில் பார்க்க வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

ரைபிளோடு சேர்ந்து சுவரில் ஒரு சிறுத்தைத் தலையோ புலித்தோலோ இருந்தால் அதையும் இதோடு பாருங்கள். மைசூரில் வான் இங்கன் பட்டறை ஏறக்குறைய நூறு ஆண்டு வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து நாடெங்கும் அனுப்பியது. அதன் வேலைப்பாடு பல வீடுகளில் இன்னும் இருக்கும். உரிமைச் சான்று உள்ள பொருள் வாரிசாக வந்தால், வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

கடைசியாக, பாதுகாப்பு. 2025 பிப்ரவரியில் பக்கத்து மண்டியா மாவட்டத்தின் நாகமங்கலா தாலுக்காவில், ஒரு கோழிப்பண்ணையில் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை ஒரு சிறுவன் விளையாட்டாக எடுத்தான். குண்டு பாய்ந்து ஒரு சின்னக் குழந்தை இறந்துபோனது. அந்தப் பையனின் மீதி வாழ்க்கையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை, குழலை வெட்டவில்லை. தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே இடத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. பரணிலிருந்து இறக்கும் துப்பாக்கியை வெறும் துப்பாக்கி என்று நம்பாதீர்கள். குழாய்க்குள் ஐம்பது வருடத்துத் தோட்டா சிக்கியிருக்கலாம். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். விசையில் விரல் வைக்காதீர்கள், லீவரை நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, அறையைப் பூட்டிவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் செய்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள்.

ஒப்படைக்கும்போது ரசீது எழுதித் தருவார்கள். கம்பெனி, போர், வரிசை எண், கூட இருந்த தோட்டாக்களின் எண்ணிக்கை நான்கும் அதில் இருக்க வேண்டும். எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் நாளைக்கு அது வேறு துப்பாக்கி. அங்கே நின்றபடியே ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.